ராணுவக் கல்லூரியில் விளையாட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் என்.டி.ஏ. எனப்படும் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் நுழைவுத் தேர்வு பற்றி ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு மதுரையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விளையாட்டைத்தான் கேட்கின்றன. நன்றாக ஓடுகிற பிள்ளைக்கு ராணுவக் கல்லூரியில் என்ன இடம், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் அவர்கள் எப்படி ஆடுகிறார்கள், அமெரிக்காவில் இதற்கு ஏன் அத்தனை கூட்டம் என்று பல கேள்விகள். எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றி வருவதால் இந்த முறை மொத்தப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். 1,500 மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் இரண்டாம் இடம். "என்.டி.ஏ.வுக்கு அனுப்புங்க, ஸ்போர்ட்ஸ்ல சீட் கிடைச்சிரும்" என்கிறார் அவனுடைய பி.டி. சார். உண்மைதானா ஐயா?
— ஒரு தாய், உசிலம்பட்டி

அம்மா, என்.டி.ஏ.வில் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று ஒன்று கிடையாது. சார் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் மாவட்டச் சான்றிதழைக் காட்டி அங்கே உள்ளே போக முடியாது. முதல் படி யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் எழுத்துத் தேர்வு. கணிதத்துக்கு 300, பொதுத் திறனுக்கு 600, மொத்தம் 900 மதிப்பெண். அந்த 600-ல் 200 ஆங்கிலத்துக்குப் போகிறது. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் இருக்கும். தமிழ்வழியில் படித்த பிள்ளை என்றால் இதற்கென்று ஆறேழு மாதமாவது தனியாக உட்கார வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டம் ஒரு தடையே இல்லை, இந்தத் தாள்தான் தடை.

அதில் தேறினால் எஸ்.எஸ்.பி. என்கிற ஐந்து நாள் தேர்வு, அதற்கும் 900 மதிப்பெண். உங்கள் மகன் ஓடிய ஓட்டம் இங்கேதான் கைகொடுக்கும். ஒரு படிவம் தருவார்கள், என்ன விளையாட்டு, எந்த அளவு வரை ஆடியிருக்கிறாய், அணிக்குத் தலைவனாக இருந்தாயா என்றெல்லாம் அதில் எழுதவேண்டும். நேர்காணல் செய்கிற அதிகாரி அந்தப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் பேசுவார். கடைசிச் சுற்று மணி அடிக்கும்போது நீ எத்தனையாவது ஆளாக இருப்பாய், முன்னால் போகிறவனை எந்த இடத்தில் பிடிப்பாய் என்று கேட்டால், உண்மையாக ஓடியவனுக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கும், சான்றிதழுக்காக ஓடியவன் அங்கே திணறுவான். அப்புறம் மைதானத்தில் பலகையும் கயிறும் கொடுத்து, குழுவாகத் தடைகளைத் தாண்டச் சொல்வார்கள். தனியாளாகத் தாண்டுவதற்கும் பத்துத் தடைகள் உண்டு. உடம்பு பழகியிருப்பது ஒரு பக்கம், பக்கத்தில் இருப்பவனுக்குக் கை கொடுத்து ஏற்றிவிடுகிறானா என்பதையும் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள்.

புனே பக்கம் கடக்வாஸ்லாவில் இருக்கும் அகாடமிக்குள் போய்விட்டால் அங்கே விளையாடாத பிள்ளை என்று ஒருவரும் இல்லை. மாணவர்களை ஸ்குவாட்ரன், ஸ்குவாட்ரனாகப் பிரித்திருப்பார்கள். ஸ்குவாட்ரன்களுக்கு இடையே நடக்கும் கிராஸ் கன்ட்ரி ஓட்டம் அங்கே பெரிய திருவிழா. உங்கள் மகனைப் போன்ற ஓட்டக்காரன் எந்த ஸ்குவாட்ரனுக்கு வந்தாலும் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் குத்துச்சண்டையிலும் இறங்கியாக வேண்டும், நீச்சல் தெரியாதவன் கற்றுக்கொண்டாக வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளில் கண்மாயில் குதித்துப் பழகியவன் தப்பித்துக்கொள்வான், டவுன் பிள்ளைகள் முதலில் தடுமாறுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டாளத்து ஆள் எடுப்பு முகாம் வேறு, என்.டி.ஏ. வேறு. முகாமில் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் முதல் பிரிவில் வந்தால் 60 மதிப்பெண் கிடைக்கும், அது அக்னிவீர் என்ற பெயரில் சிப்பாயாகச் சேரும் வழி. என்.டி.ஏ. அதிகாரியாக ஆகும் வழி, அங்கே படிப்போடு ஒரு பட்டமும் கிடைக்கும், பயிற்சிச் செலவை அரசே ஏற்கும், கைச்செலவுக்கும் சில பொருள்களுக்கும் மட்டும் கொஞ்சம் கட்ட வேண்டியிருக்கும். வயது படிப்பு தொடங்கும்போது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். தேதியை அறிவிப்பில் பார்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரு நாள் வித்தியாசத்தில் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும்.

கேள்வி: நீரஜ் சோப்ரா ராணுவத்தில் இருக்கிறாரே, அவர் என்.டி.ஏ.வில் படித்தவரா?
— பத்தாம் வகுப்பு மாணவன், திருமங்கலம்

இல்லை தம்பி. அவர் ஏற்கெனவே ஈட்டி எறிதலில் பெயர் வாங்கிய பிறகு, 2016-ல் ராஜ்புத்தானா ரைபிள்ஸ் படைப்பிரிவில் நாயிப் சுபேதாராக நேரடியாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். விளையாட்டில் சாதித்தவர்களை ராணுவம் அப்படி எடுத்துக்கொள்ளும். திருச்சி மாவட்டத்து ஆரோக்கிய ராஜீவும் ராணுவத்தில் இருந்துகொண்டு நாட்டுக்காக 400 மீட்டர் ஓடியவர்தான். இப்படிப்பட்டவர்களை வளர்ப்பதற்கென்றே புனேயில் 2001-ல் ராணுவ விளையாட்டு நிறுவனம் தொடங்கினார்கள். தேசிய விளையாட்டுப் போட்டிகளில் முப்படை அணி 'சர்வீசஸ்' என்ற பெயரில் தனி மாநிலம் மாதிரி கலந்துகொள்ளும். 2022-லும் 2025-லும் பதக்கப் பட்டியலில் முதலிடம் அந்த அணிக்குத்தான். ஆக, அதிகாரியை உருவாக்கும் கல்லூரி ஒரு பக்கம், பதக்கக்காரர்களை உருவாக்கும் ஏற்பாடு இன்னொரு பக்கம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

கேள்வி: அமெரிக்காவில் ராணுவக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் நடக்கும் ஃபுட்பால் ஆட்டத்தை அந்த நாடே உட்கார்ந்து பார்க்கிறதாமே? காலேஜ் மேட்சுக்கு ஏன் இவ்வளவு? நானும் கல்லூரி அணியில் ஆடுகிறேன், எங்கள் ஆட்டத்துக்கு எங்கள் வகுப்பு நண்பர்களே வருவதில்லை.
— பி.காம். மாணவர், மதுரை

தம்பி, முதலில் ஒன்று, அது நீங்கள் ஆடும் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது, எறிவது, எதிராளியை மோதிச் சாய்ப்பது, அதுதான் அமெரிக்க ஃபுட்பால். தலைக்கவசம், தோள் கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு ஆடுவார்கள்.

வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி 1802-ல் தொடங்கியது, அன்னாபொலிஸ் கடற்படை அகாடமி 1845-ல். இரண்டும் முதன்முதலில் மோதியது 1890-ல், வெஸ்ட் பாயின்ட் மைதானத்திலேயே, கடற்படை 24-0 என்று ஜெயித்தது. ராணுவ அணியைத் திரட்டியவர் டென்னிஸ் மிக்கி என்ற மாணவர், அவரே தலைவர், அவரே பயிற்சியாளர். எட்டு வருஷம் கழித்து, 1898-ல் கியூபாவில் நடந்த சண்டையில் அவர் இறந்துபோனார். வெஸ்ட் பாயின்ட்டில் இன்றைக்கு ராணுவ அணி ஆடும் அரங்கத்துக்கு அவர் பெயர்தான். அந்த ஆட்டத்தைப் பார்க்கிறவர்கள் மனசில் இதெல்லாம் இருக்கிறது தம்பி. மைதானத்தில் மோதிக்கொள்கிற இரண்டு பேரும் கொஞ்ச நாளில் ஒரே நாட்டுக்காக ஒரே இடத்தில் நிற்கப் போகிறவர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஆட்டம் வழக்கமாக டிசம்பரில் நடக்கும். தொடங்குவதற்கு முன் இரு கல்லூரி மாணவர்களும் மொத்தமாகச் சீருடையில் அணிவகுத்து மைதானத்துக்குள் வருவார்கள். ஒரு பருவம் மட்டும் மாறிப்போய் எதிர்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களை 'கைதிகள் பரிமாற்றம்' என்று பெயர் வைத்து அங்கேயே அவரவர் பக்கம் அனுப்பிவைப்பார்கள். ராணுவத்துக்குச் சின்னம் கோவேறு கழுதை, கடற்படைக்கு வெள்ளாட்டுக் கிடா. ஆட்டத்துக்கு முன்பு ஒருவர் சின்னத்தை இன்னொருவர் கடத்திக்கொண்டு போன கதைகள் ஏராளம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஆட்டம் முடிந்த பிறகு நடப்பது. ஜெயித்த அணி குதித்துக்கொண்டு ஓடிவிடுவதில்லை. இரண்டு அணியும் சேர்ந்து முதலில் தோற்ற கல்லூரியின் மாணவர்கள் முன்னால் போய் நிற்கும், தோற்றவர்களின் கல்லூரிப் பாட்டு முழுசாக ஒலிக்கும் வரை ஜெயித்தவர்களும் கூடவே நிற்பார்கள். அப்புறம்தான் ஜெயித்தவர்களின் பாட்டு. இரண்டாவதாகப் பாட வேண்டும் என்பதுதான் அங்கே ஒவ்வொரு மாணவனுக்கும் ஆசை. 2002 முதல் 2015 வரை தொடர்ந்து பதினாலு வருஷம் ராணுவ அணி தோற்றது. நாலு வருஷப் படிப்பில் ஒருமுறைகூட ஜெயிப்பதைப் பார்க்காமலே எத்தனையோ பேர் படித்து முடித்துப் போனார்கள், ஆனாலும் கூட்டம் குறையவில்லை. கூட்டம் ஆட்டத்தின் தரத்தால் மட்டும் வருவதில்லை என்பதற்கு இதுவே சாட்சி. உங்கள் கல்லூரியிலும் எதிர்க் கல்லூரியோடு வருஷா வருஷம் ஒரே தேதியில், ஒரே மைதானத்தில் ஒரு ஆட்டம் என்று வைத்து விடாமல் நடத்திப் பாருங்கள், பழைய மாணவர்களைக் கூப்பிடுங்கள். பத்து வருஷத்தில் அதற்கென்று ஒரு கூட்டம் சேரும்.

கேள்வி: பெரிய பல்கலைக்கழகங்கள் பணத்தைக் கொட்டி ஆட்டக்காரர்களைச் சேர்க்கின்றன. ராணுவக் கல்லூரிகள் அவற்றோடு எப்படி மோதுகின்றன? ஆட்டக்காரர்களுக்கு வகுப்பிலிருந்தும் அணிவகுப்பிலிருந்தும் விலக்கு உண்டா?
— உடற்கல்வி ஆசிரியர், வாடிப்பட்டி

வெளியூர் ஆட்டம் இருந்தால் அன்றைய அணிவகுப்புக்கு விடுப்பு கிடைக்கும். மற்றபடி விலக்கு இல்லை சார். வெர்ஜீனியா மாநிலத்தில் வி.எம்.ஐ. என்கிற ராணுவக் கல்லூரி இருக்கிறது, 1839-ல் தொடங்கியது. தெற்கு கரோலினாவில் சிடடெல், 1842-ல் தொடங்கியது. இரண்டும் சின்னக் கல்லூரிகள்தான், ஆனால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் மற்ற பல்கலைக்கழகங்களோடு சரிக்குச் சரியாக ஆடுகின்றன. அங்கே ஆட்டக்காரனும் பாசறையில்தான் தங்குவான், சீருடைதான் போடுவான், முதல் வருஷத்துக் கெடுபிடி எல்லாருக்கும் போலவே அவனுக்கும் உண்டு. மற்ற பல்கலைக்கழகத்தில் இதே வயதுப் பையன் சாயங்காலப் பயிற்சி முடிந்து ஓய்வெடுக்கும்போது, இவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பான்.

பணம் என்று கேட்டீர்கள். 2021 முதல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆகிவிட்டது. வெஸ்ட் பாயின்ட், அன்னாபொலிஸ், கொலராடோவில் உள்ள விமானப்படை அகாடமி, இந்த மூன்றிலும் மாணவர்கள் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் என்பதால் அவர்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. உடம்பு விஷயத்திலும் கட்டுப்பாடு. அமெரிக்க ஃபுட்பாலில் முன்வரிசையில் நிற்கிறவன் 130, 140 கிலோ இருப்பான். இங்கே படிப்பு முடிந்ததும் அதிகாரியாகப் பதவி ஏற்க எடை வரம்புக்குள் வந்தாக வேண்டும், அதனால் அப்படிப்பட்ட மலை மாதிரி ஆட்களைச் சேர்க்கவே தயங்குவார்கள். இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழியைத்தான் நம் பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டும். எறிந்து ஆடும் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டு, பந்தை யார் வைத்திருக்கிறார் என்றே எதிராளிக்குத் தெரியாதபடி மூன்று பேரில் ஒருவர் எடுத்துக்கொண்டு ஓடும் ஒரு முறையைப் பல வருஷம் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பெரிய உடம்பு தேவையில்லை, வேகமும் ஒழுங்கும் போதும், நூறு முறை ஒரே மாதிரி செய்யத் தெரிய வேண்டும், அது ராணுவ மாணவனுக்குக் கைவந்த விஷயம். எதிரணிக்கோ வருஷத்தில் ஒருமுறை மட்டும் பார்க்கிற ஆட்டமுறை. தன்னிடம் இல்லாததை விட்டுவிட்டு இருப்பதை வைத்து ஆடினார்கள், பெரிய அணிகளையும் வீழ்த்தினார்கள்.

விலக்கு இல்லாமல் எல்லாவற்றையும் செய்ய முடியுமா என்றால், பீட் டாக்கின்ஸ் என்று ஒருவர் இருந்தார். சின்ன வயதில் போலியோ வந்தவர். வெஸ்ட் பாயின்ட்டில் மாணவர் படைக்கே தலைவர், ஃபுட்பால் அணிக்கும் தலைவர், படிப்பிலும் முன்வரிசை. 1958-ல் நாட்டிலேயே சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் விருது வாங்கினார், பிறகு ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு போனார், ராணுவத்தில் பிரிகேடியர் ஜெனரல் வரை உயர்ந்தார்.

ஆனால் சார், என்னைக் கேட்டால் ராணுவக் கல்லூரி விளையாட்டில் முக்கியமானது இந்த நட்சத்திரங்கள் இல்லை. 1919-ல் டக்ளஸ் மெக்கார்த்தர் வெஸ்ட் பாயின்ட்டுக்குத் தலைவராக வந்தார். முதல் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டு நேராக வந்தவர். ஆட்டக்காரர்கள் மட்டும் ஆட, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் பழக்கத்தை உடைத்து, ஒவ்வொரு மாணவனும் ஏதாவது ஒரு விளையாட்டில் ஆடியே ஆக வேண்டும் என்று ஆக்கினார். இன்றைக்கும் அங்கே கல்லூரி அணியில் இடம் கிடைக்காதவன் கிளப் அணியில் ஆட வேண்டும், அதிலும் இல்லையென்றால் தன் கம்பெனி, அதாவது மாணவர் படையில் தன் பிரிவு, அதன் அணியில் ஆட வேண்டும், சும்மா இருக்க அனுமதி இல்லை.

இதை நம் ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். காமராசர் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான மீட் என்றால் ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் ஒரு சின்னக் கூட்டம் போகிறது. அதே பையன் நூறும் ஓடுகிறான், நீளமும் தாண்டுகிறான், ரிலேயிலும் நிற்கிறான். மிச்சம் பேர் மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட கிரவுண்டில் இறங்காமலே பட்டம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கோப்பை முதல்வர் அறையில் இருக்கிறது, மைதானம் காலியாகக் கிடக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. துறைக்குத் துறை அணி, வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் கட்டாய ஆட்டம், இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு வாலிபால் வலை, இரண்டு பந்து, கபடிக்குக் கோடு கிழிக்கக் கொஞ்சம் சுண்ணாம்பு. நீங்கள் உடற்கல்வி ஆசிரியர், உங்கள் பள்ளியிலேயே வகுப்புக்கு வகுப்பு தொடங்கலாம், முதலில் கணக்கு வாத்தியார் பாடவேளையைக் கேட்டு வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தங்கை மகன் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவன், கூடைப்பந்து நன்றாக ஆடுவான். வெஸ்ட் பாயின்ட்டோ அன்னாபொலிஸோ போய்ப் படித்துவிட்டு அப்படியே தொழில்முறை ஆட்டத்துக்குப் போகலாம் என்கிறான். நடக்குமா?
— ஒரு தாய்மாமன், மேலூர்

அங்கே பிறந்தவன் என்றால் குடியுரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் விளையாட்டால் மட்டும் சேர முடியாது, வழக்கமாக அந்த ஊர் எம்.பி. போன்ற மக்கள் பிரதிநிதி ஒருவரின் பரிந்துரை வேண்டும், உடல் தகுதி, படிப்பு எல்லாம் பார்ப்பார்கள். கட்டணம் கிடையாது, அதற்குப் பதிலாகப் படிப்பு முடிந்ததும் குறைந்தது ஐந்து வருஷம் படையில் பணி செய்ய வேண்டும். தொழில்முறை ஆட்டத்துக்கு விதிவிலக்குகள் அவ்வப்போது வரும், மாறும், அதை நம்பிச் சேரக்கூடாது.

டேவிட் ராபின்சன் கதையை மருமகனுக்குச் சொல்லுங்கள். கடற்படை அகாடமியில் கூடைப்பந்து ஆடியவர், சேர்ந்த பிறகு வளர்ந்து வளர்ந்து ஏழு அடியைத் தாண்டிவிட்டார், அந்த உயரத்துக்குக் கப்பலில் பணி கொடுப்பதே சிரமம் என்று இரண்டு வருஷப் பணியோடு விட்டார்கள். 1987-ல் முதல் ஆளாகத் தேர்வு செய்த சான் அன்டோனியோ அணி 1989 வரை அவருக்காகக் காத்திருந்தது. ரோஜர் ஸ்டாபக் அதைவிடப் பொறுமைசாலி. 1963-ல் ஹெய்ஸ்மன் விருது வாங்கியவர், வியட்நாம் உள்பட நாலு வருஷம் கடற்படையில் பணி செய்துவிட்டுத்தான் டல்லாஸ் ஃபுட்பால் அணிக்கு ஆட வந்தார். படையில் பணி செய்ய மனசு இருந்தால் மட்டும் போகச் சொல்லுங்கள். ஆட்டம்தான் குறி என்றால் அவனுக்கு வேறு நல்ல பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

கேள்வி: நான் என்.சி.சி.யில் இருக்கிறேன், 400 மீட்டர் ஓடுகிறேன். பெண்களுக்கு இந்த வழியெல்லாம் திறந்திருக்கிறதா?
— கல்லூரி மாணவி, கோரிப்பாளையம்

திறந்திருக்கிறது பாப்பா, நன்றாகவே. வெஸ்ட் பாயின்ட் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1976-ல். ஆண்களுக்குக் கட்டாயமாக இருந்த குத்துச்சண்டை வகுப்பை 2016 முதல் பெண்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். நம் என்.டி.ஏ.வில் 2022-ல் முதல் பெண்கள் அணி சேர்ந்தது, 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். நீ கல்லூரிக்கு வந்துவிட்டதால் உனக்கு என்.டி.ஏ.வைவிடச் சென்னை பரங்கிமலையில் உள்ள ஓ.டி.ஏ. என்கிற அதிகாரிகள் பயிற்சி அகாடமி பக்கத்து வழி. அங்கே 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். என்.சி.சி. 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும், பட்டத்தில் 50 சதவீதமும் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி.க்குப் போகலாம். வயது 19 முதல் 25 வரை, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. இந்தச் சலுகை இருப்பது தெரியாமலே நம் பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர் என்.சி.சி.யை இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிடுகிறார்கள். நீ விடாதே, 'சி' தேர்வு வரை போ.

ஓட்டத்தையும் விடாதே. சக்கிமங்கலத்து ரேவதி வெறுங்காலோடு ஓடத் தொடங்கியவர், பாட்டி வளர்த்த பிள்ளை, மதுரையில் பயிற்சி எடுத்து டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்பு ரிலே வரை போனார். ரேஸ்கோர்ஸ் மைதானம் உனக்கும் பக்கத்தில்தானே இருக்கிறது.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற சுபேதார். பேரனுக்குப் பத்து வயது. ஓட்டம், தாண்டுதல் எல்லாம் நன்றாக வருகிறது. இந்த வயதிலேயே சேர்க்கிற மாதிரி என்ன இருக்கிறது?
— பேரையூர்

ஐயா, மூன்று வழி இருக்கிறது. அமராவதிநகர் சைனிக் பள்ளி பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும், உடுமலைப்பேட்டை பக்கம், 1962-ல் தொடங்கியது. ஆறாம் வகுப்பில் சேர வயது பத்திலிருந்து பன்னிரண்டு. ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் மட்டும்தான், அதனால் இப்போதே முயற்சி செய்வது நல்லது. படைவீரர் ஒதுக்கீடு பிள்ளைகளுக்குத்தான், பேரப்பிள்ளைகளுக்குப் பொருந்தாது. உங்கள் மகனும் படையில் இருந்தால்தான் அதில் கேட்க முடியும், இல்லையென்றால் தமிழ்நாட்டுப் பிள்ளை என்ற ஒதுக்கீட்டில் போடுங்கள். பேத்தி இருந்தால் அவளுக்கும் எழுதச் சொல்லுங்கள், 2021-22 முதல் எல்லா சைனிக் பள்ளிகளிலும் பெண் பிள்ளைகளுக்கு இடம் உண்டு.

இரண்டாவது டேராடூனில் உள்ள ஆர்.ஐ.எம்.சி. என்கிற ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி, பெயர் கல்லூரி என்றாலும் 1922-ல் தொடங்கிய பழைய பள்ளி. எட்டாம் வகுப்பில் சேர்ப்பார்கள், பதினொன்றரை வயது ஆகியிருக்க வேண்டும், பதின்மூன்று ஆகியிருக்கக் கூடாது, அதனால் இன்னும் ஒன்றரை வருஷம் தயாராக நேரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கான தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. இடம் மிகக் குறைவு.

மூன்றாவது ராணுவத்தின் பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனி. 8 முதல் 14 வயதுப் பையன்களை மைதானத்தில் ஓடவிட்டு, தாண்டவிட்டுத் தேர்வு செய்வார்கள், தங்க இடம், சாப்பாடு, பயிற்சி, பள்ளிப் படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. பதினேழரை வயதில் தகுதி இருந்தால் படைவீரராகச் சேரலாம். விளையாட்டு ஒன்றே குறி என்றால் இதுதான் சரியான இடம். ஆனால் சேர்வது சிப்பாயாக, அதிகாரியாக இல்லை. உங்களுக்கு அந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை, பையனின் அம்மா அப்பாவுக்கு நீங்கள்தான் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். எதற்கு விண்ணப்பித்தாலும் அதற்கு முன்னால் அரசு மருத்துவமனையில் கண், காது, பாதம் மூன்றையும் காட்டிவிடுங்கள். தட்டைப் பாதமும் முட்டி உரசுவதும் ஓடும்போது நமக்குத் தெரியாது, மருத்துவப் பரிசோதனையில்தான் தெரியவரும்.